பவுடர் குடித்த பிள்ளை

எங்கள் தெருவில் ஒரு பொம்மை நாற்பத்தோரு நாள் பவுடர் குடித்தது என்று சொன்னால், கோவில்பட்டியில் யாரும் உங்களை ஏற இறங்கப் பார்க்க மாட்டார்கள். எந்தக் கம்பெனிப் பவுடர் என்றுதான் கேட்பார்கள். அந்தப் பொம்மைக்கு வர்ணம் பூசியது நான். செண்பகம் புதுசாகப் பழகினாள், அடுப்பில் கருக விட்டுவிட்டாள் என்று என்னைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு இருந்தது. அது பொய். அந்தப் பொய்யைக் கிளப்பிவிட்டதே நான்தான், ஏனென்றால் உண்மை அதைவிடக் கேவலமாக இருந்தது.

என் வீட்டுக்காரர் பலவேசம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஸ்டுடியோ வைத்திருக்கிறார். நான் கல்யாணமாகி வந்த வருஷமே என் கையில் ஒரு கூரான பென்சிலைக் கொடுத்துவிட்டார். நெகட்டிவில் முகத்தின் மேல் பொடிப்பொடியாகப் புள்ளி வைத்தால் பிரிண்டில் அந்த இடம் வெளுக்கும், அதற்கு டச்சிங் என்று பெயர், இந்த ஊரில் அதை என்னைப் போலச் செய்ய ஆள் கிடையாது என்று சொல்வார்கள். எத்தனை பெண்களின் போட்டோவை நான் வெளுத்துக் கொடுத்தேன், எத்தனை மாப்பிள்ளைகள் தாலி கட்டிய பிறகு முகத்தை நேரில் பார்த்து என்னைத் திட்டியிருப்பார்கள் என்பதற்குக் கணக்கே இல்லை. இப்போது கம்ப்யூட்டரில் ஒரே தட்டில் வெளுத்துவிடுகிறது. அந்தத் தட்டலையும் நான்தான் தட்டுகிறேன்.

எனக்கு ஒரே மகள், பொன்னரசி. மதுரையில் கணக்கு டீச்சர். கூட வேலை பார்த்தவரையே கட்டிக்கொண்டு அங்கேயே இருக்கிறாள். அவளுக்கு ஏழு மாதம் ஆனபோது, தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு அழைத்து வர நல்ல நாள் பார்த்துவிட்டுப் போன் செய்தேன். பேச்சு நன்றாகத்தான் போனது. வைக்கப்போகிற நேரத்தில் என் வாய் சும்மா இருக்கவில்லை.

“குங்குமப்பூ நல்லதா வாங்கி வச்சிருக்கேன், குடுத்து விடுதேன். பால்ல போட்டுக் குடி, என்ன?”

“எதுக்கும்மா?”

“எதுக்குன்னா... எல்லாரும் குடிக்கதுதான.”

“பிள்ளை என்னைய மாதிரி பிறந்திரக் கூடாது. அதான?”

கோபமாகக்கூடக் கேட்கவில்லை. கரும்பலகையில் கடைசி வரியை எழுதி முடிப்பது போலச் சொன்னாள். “பிரசவத்துக்கு நான் அங்க வரல. இங்கயே பாத்துக்கிடுதோம். பிறந்த பிறகும் கொஞ்ச நாளைக்கு நீ பாக்க வர வேண்டாம்மா.”

மகள் எப்போது வருகிறாள் என்று வீட்டுக்காரர் கேட்டார். லீவு கிடைக்கவில்லையாம் என்றேன். தெருவில் கேட்டவர்களுக்கும் அதையே சொன்னேன். பேத்தியோ பேரனோ என் கண்ணில் படக் கூடாது என்று பெற்ற மகள் சொல்லிவிட்டாள் என்பதை எந்த வாயால் சொல்வது?

அந்த வாரம்தான் பொம்மை வந்தது. இப்போதெல்லாம் பிறந்து பத்து நாளான பிள்ளையைக் கூடையில் படுக்க வைத்து, கம்பளித் தொப்பி மாட்டி எடுக்கிற போட்டோதான் ஓடுகிறது. ஸ்டுடியோ கண்ணாடிக்குள் அப்படி ஒரு கூடையும், கூடைக்குள் அசல் பிள்ளை போல ஒரு பொம்மையும் வைத்தால் எடுப்பாக இருக்கும் என்று என் வீட்டுக்காரர் எங்கிருந்தோ வரவழைத்தார். உடம்பு துணி, தலையும் கைகால்களும் ரப்பர் மாதிரியான ஒன்றில் வார்த்தவை, எதிலும் வர்ணம் கிடையாது. எல்லாப் பிள்ளைக்கும் பொதுவான ஒரு முகம்.

“நீ பாக்காத மூஞ்சியாட்டி? நீயே அடிச்சிரு” என்றார்.

யாரோ ஒரு வெள்ளைக்காரம்மா செல்போனில் சொல்லிக் கொடுப்பதைப் பார்த்துப் பார்த்துப் பழகினேன். பச்சைப்பிள்ளையின் தோல் ஒரு நிறமல்ல, பல நிறம் என்று அவளைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. முதலில் நெற்றிப் பொட்டில் நீல நரம்பு, இமையில் கொஞ்சம் ஊதா, உள்ளங்காலில் சிவப்பு. அதன் மேல் பஞ்சால் ஒற்றி ஒற்றி மெல்லிசாக ஒரு பூச்சு, பூசியதை எட்டு நிமிடம் அடுப்பில் வைத்து எடுத்து ஆற விட்டு மறுபடி ஒரு பூச்சு, இப்படி ஏழு தரம். நான் முதலில் ஒரு காலில் அடித்துப் பார்த்தேன். கொதிக்கிற வெந்நீரில் முக்கி எடுத்த கால் போல வந்தது. தின்னர் போட்டுத் துடைத்துவிட்டு மறுபடி அடித்தேன், நகத்தில் நெயில் பாலிஷ் போட்டது போல் ஆயிற்று, மறுபடி துடைத்தேன். பத்து நாளில் கை படிந்துவிட்டது. கேக் செய்வதற்காக வாங்கிய மின்சார அடுப்பில் கேக்கே செய்ததில்லை, பிள்ளையைத்தான் சுட்டேன். ஆறாவது பூச்சில் தலை ரோஜா நிறத்தில், தொட்டால் அழுந்தும் போல, சரியாக வந்துவிட்டது. ஏழாவதையும் அடித்து உள்ளே வைத்தேன்.

எட்டு நிமிடம் கழித்துத் திறந்தால் அடுப்புக்குள் என் மகள் இருந்தாள்.

மழையில் நனைந்த கரிசல் மண்ணின் நிறம். இடது புருவத்தின் நடுவில் சின்ன இடைவெளி. கீழுதடு கொஞ்சம் உள்வாங்கி, ஏதோ கேட்க நினைத்து வேண்டாமென்று விட்டது போல ஒரு வாய். ஆஸ்பத்திரியில் துணியை விலக்கி நர்ஸ் காட்டிய அதே முகம். பெற்றவளுக்கு அடையாளம் தெரியாமல் போகுமா? தெரிந்தது. தெரிந்துதான் பஞ்சை எடுத்து எட்டாவது பூச்சை ரோஜா நிறத்தில் அடித்தேன். இதை நான் எழுதாமல் விட்டுவிடலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் வெட்கப்பட வேண்டிய இடம் இதுதான்.

பூச்சு நிற்கவில்லை. தலையைச் சூட்டிலிருந்து எடுப்பதற்குள் உள்ளே போய்விட்டது. ஒன்பது, பத்து, பதினொன்று என்று அடித்தேன், எல்லாம் உள்ளே போயின. ஒட்டிய கைகால்களும் மறுநாள் விடிவதற்குள் முகத்தின் நிறத்துக்கே வந்துவிட்டன.

பொன்னரசி பிறந்தபோதும் இப்படித்தான் நான் நிறத்தோடு சண்டை போட்டேன். பிள்ளை என்ன நிறம் என்று கேட்டவர்களுக்கெல்லாம் எடையைச் சொல்லிச் சமாளித்தேன்: “ரெண்டு கிலோ அறுநூத்தம்பது, ஆரோக்கியமா இருக்கா.” மூன்றாம் மாதம் குப்புற விழுந்ததும், இடுப்பில் கறுப்புக் கயிறு மட்டும் கட்டி, எல்லா வீட்டிலும் எடுப்பது போல ஒரு போட்டோ அவர் எடுத்தார். நான் நெகட்டிவில் பென்சில் போட்டேன். போதவில்லை என்று இன்னும் போட்டேன். போட்டுப் போட்டு ஒருநாள் முகமே அழிந்துவிட்டது. அப்போது ஸ்டுடியோவில் யாரோ வாங்க வராமல் கிடந்த ஒரு வெள்ளைப் பிள்ளையின் படத்தைக் கண்ணாடி போட்டு எங்கள் ஹாலில் மாட்டினோம். வருகிறவர்களிடம் அதைத்தான் பொன்னரசி என்று சொன்னேன். குப்புறப் படுத்த பிள்ளைகள் எல்லாம் ஒன்று போலத்தானே இருக்கும்.

அவளுக்குப் பதினோரு வயதாகும்போது, கழுகுமலையிலிருந்து ஒரு அம்மாள் சடங்குப் பத்திரிகை வைக்க வந்தாள். பொன்னரசி அவளுக்குக் காப்பி கொண்டு வந்து நின்றாள். அந்த அம்மாள் சுவரைப் பார்த்துவிட்டு, “அய்ய, இது எங்க மூத்தவம்லா! இவன் படம் உங்க வீட்ல எப்படி?” என்றாள். பையன்! ஒரு பையனின் படத்தைத்தான் பதினோரு வருஷம் என் மகள் தன் படமென்று பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று சாயங்காலம் அவள் கேட்டது ஒரே கேள்வி.

“என் போட்டோ எங்கம்மா?”

“கெட்டுப் போச்சுட்டி.”

“சரி” என்றாள். அவ்வளவுதான். படத்தைக் கழற்றினால் சுவரில் வெள்ளையாகச் சதுரம் தெரியும் என்று நான் அதைக் கழற்றவும் இல்லை.

பொம்மையை முதலில் பார்த்தது பக்கத்து வீட்டு மாடத்தி அக்கா. புளி வாங்க வந்தவள் மேசையில் கிடந்ததைப் பார்த்துவிட்டாள்.

“ஏ செண்பகம், கருக விட்டுட்டியா?”

“ஆமாக்கா, சூடு கூடிப் போச்சு” என்றேன்.

“இதுக்குப் போயி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க. ரெண்டு கை பவுடரப் போட்டா ஆச்சு” என்று சொல்லிக்கொண்டே அலமாரியில் இருந்த டப்பாவை எடுத்துத் தட்டினாள். பவுடர் நெற்றியில் விழுந்தது, ஈர மணலில் தண்ணீர் இறங்குவது போல இறங்கிப் போனது. இன்னொரு கை போட்டாள், அதுவும் போனது. அக்கா பதறவில்லை. “குடிக்கி பாரேன்” என்றாள். பிறகு புளியை முந்தானையில் முடிந்துகொண்டு போய்த் தெருவில் சொல்லிவிட்டாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் கதவைச் சாத்தவே இல்லை. பொம்மை ஏன் குடிக்கிறது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. என்ன கொடுத்தால் வெளுக்கும் என்பதில்தான் ஆளாளுக்கு ஒரு கட்சி. கடலை மாவு என்றது கீழ வீடு, கஸ்தூரி மஞ்சளும் பாலாடையும் என்றது மேல வீடு, இதெல்லாம் அந்தக் காலம், கிரீம்தான் பிடிக்கும் என்று பியூட்டி பார்லர் வைத்திருக்கிற பெண் மூன்று ட்யூபோடு வந்தாள். எல்லாவற்றையும் பொம்மை குடித்தது. குடிக்கக் குடிக்கக் கனத்தது. மளிகைக்கடை செல்லையா அண்ணாச்சி தராசைத் துடைத்து வைத்துக்கொண்டு தினமும் காலையில் பொம்மையை நிறுத்து, அன்றன்றைய எடையைக் கடை வாசல் சிலேட்டில் பருப்பு விலைக்குக் கீழே எழுதிப் போட்டார். அறுநூறு கிராமில் ஆரம்பித்தது ஒன்றே காலுக்கு வந்தது, ஒன்றரைக்கு வந்தது. பால் ஊற்றுகிறவர் சைக்கிளை நிறுத்தி எடையைப் பார்த்துவிட்டுப் போனார். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு சிட்டிகை போட்டுவிட்டுப் போனார்கள். வெளியூரில் கட்டிக் கொடுத்த பெண்கள்கூட ஊருக்கு வரும்போது பூ, பழத்தோடு ஒரு டப்பா பவுடரும் வாங்கி வந்தார்கள்.

பவுடர் போடுகிற பெண்கள் சும்மா போடமாட்டார்கள், பேசிக்கொண்டே போடுவார்கள். “போகப் போக நிறம் வச்சிரும்.” “மூக்கும் முழியும் நல்லாத்தான் இருக்கு, நிறந்தான் கொஞ்சம் மட்டு.” “அப்பனக் கொண்டு பிறந்துட்டு, பாவம்.” இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் என் மகளின் தொட்டிலைச் சுற்றி நின்று சொன்ன அதே வார்த்தைகள், சிலர் அதே ஆட்கள். நான் எல்லாருக்கும் காப்பி போட்டுக் கொடுத்தேன். இது யார் என்று எனக்கு மட்டும் தெரியும், தெரிந்தும் டப்பாவைத் திறந்து நானே நீட்டினேன். சில சமயம் டப்பாவை நீட்டாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நிற்பேன். உடனே யாராவது சொல்வார்கள், “நீ ஏம்ட்டி விசனப்படுத, பொம்மைதான?”

நாற்பத்தோராம் நாள் காலையில் அண்ணாச்சி சிலேட்டில் எழுதினார்: இரண்டு கிலோ அறுநூற்றைம்பது. எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன், எனக்குத் தெரிந்த எடை. வீட்டுக்கு வந்து மாடத்தி அக்கா வழக்கம் போலப் பவுடரைத் தட்டினாள். பவுடர் போட்ட இடத்திலேயே நின்றது. ஊதினாள், பறந்தது.

“வயிறு நெறஞ்சிட்டுடி!” என்று அக்கா கத்தியதில் தெருவே வந்துவிட்டது. அவர் ஸ்டுடியோவிலிருந்து ஓடி வந்து தலையைத் தடவிப் பார்த்தார். “இனிமே பெயிண்ட் நிக்கும். அடிட்டி, இன்னைக்கே முடிச்சிரு.”

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பஞ்சை ரோஜா நிறத்தில் முக்கி வலது கன்னத்தில் ஒற்றினேன். நின்றது. அத்தனை கூட்டமும் ஒரே மூச்சாக “ஆங்” என்றது. எனக்கும் உள்ளுக்குள் ஒரு நொடி குளிர்ந்தது, அந்தப் பாவத்தை எங்கே கொண்டு கழுவ?

அப்போது போன் வந்தது. பொன்னரசி.

“எம்மா, மாடத்தி பெரியம்மை மருமக ஸ்டேட்டஸ்ல போட்டிருக்கா, பாத்தேன். நீங்கள்லாம் பவுடர் போடுதியளே, அந்தப் பொம்மை யாரும்மா?”

கையில் பஞ்சு, சுற்றிலும் தெரு. “பொம்மைதாம்ட்டி” என்றேன். “அடுப்புல வச்சேன், சூடு கூடி...”

“சரி” என்றாள்.

பதினோரு வயதில் சொன்ன அதே ‘சரி’. போன் அணைந்த பிறகும் அதைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு ஹாலுக்குப் போய், ஸ்டூல் போட்டு ஏறி, அந்தப் படத்தைக் கழற்றித் தரையில் வைத்தேன். சுவரில் வெள்ளையாகச் சதுரம் தெரிந்தது.

“சூடெல்லாம் கூடல” என்றேன். “இது கருகினது இல்ல. இது பொன்னரசி. பிறந்தன்னைக்கு இப்படித்தான் இருந்தா, இந்த எடைதான் இருந்தா. அடுப்பத் திறந்தவுடனே எனக்குத் தெரியும். இந்தப் படம் யாரோ பெத்த பையன். எம் மகளுக்கு லீவு கிடைக்காம இல்ல, நான் அவ மூஞ்சியப் பாத்த பார்வையில அவ பிள்ளையையும் பாத்திருவேன்னுதான் வரமாட்டேன்னுட்டா.”

மாடத்தி அக்கா கையிலிருந்த டப்பாவை மூடினாள், மூடி சரியாக உட்காராமல் இரண்டு தரம் மூடினாள். பியூட்டி பார்லர் பெண் ட்யூபுகளைப் பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். ஒவ்வொருவராக வாசலில் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார்கள். அண்ணாச்சி சிலேட்டை மட்டும் அழிக்கவில்லை.

என் வீட்டுக்காரர் தரையில் கிடந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஆணி அடிச்சது நான்தான” என்றார். மதுரைக்குக் கூட வாருங்கள் என்று கூப்பிட்டேன். “நீ முதல்ல போயிட்டு வா. நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வர?”

மறுநாள் காலை பஸ்ஸில் மகளை மடியில் வைத்துக்கொண்டு போனேன். பக்கத்தில் சாத்தூரில் ஏறிய ஒரு பெண், பொம்மையின் காலில் காற்றுப் படாமல் துணியை இழுத்துவிட்டு, “எத்தனை நாளாகுது? பேத்தியா?” என்று கேட்டாள்.

“மக” என்றேன்.

என் நரையைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள். “லேட்டா பிறந்தாலும் நல்லா இருக்கா” என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இருபத்தெட்டு வருஷத்தில் என் மகளைப் பற்றி ஒருவர் சொன்ன நல்ல வார்த்தையை நான் மறுக்காமல் கேட்டுக்கொண்டது அதுதான் முதல் தடவை.

பொன்னரசி கதவைத் திறந்தாள். வயிறு நன்றாக இறங்கியிருந்தது. உள்ளே வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நான் பொம்மையைத் துணியோடு நீட்டினேன். அவள் வாங்கினாள், யாரும் சொல்லிக் கொடுக்காமல் அவள் கை கழுத்துக்கு அடியில் போனது. துணியை விலக்கி ரொம்ப நேரம் பார்த்தாள். புருவத்தின் இடைவெளியை விரலால் தொட்டாள், பிறகு தன்னுடைய புருவத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

“இப்படியா இருந்தேன்?”

“ஆமா. எடை கூட இதேதான்.”

“கன்னத்துல என்ன?”

“நான்தான்” என்றேன். “நேத்து.”

துப்பட்டா நுனியை நாக்கில் நனைத்து, பச்சைப்பிள்ளையின் வாயில் பால் துடைப்பது போல, அந்த ரோஜா நிறத்தைத் துடைத்தாள். தின்னர் இல்லாமலே வந்துவிட்டது. அவள் நிமிராமல் கேட்டாள், “பொட்டு வைக்கலயாம்மா? கண்ணு பட்டிராதா?”

இதற்கும் ஒரு பொய் என் வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன்.

“உனக்கு நான் திருஷ்டிப் பொட்டு வச்சதே இல்லட்டி. யாரு கண்ணு படப்போவுது இதுக்குன்னு நினைச்சேன். வச்சாலும் இந்தக் கறுப்புல எங்க தெரியப்போவுதுன்னு... இதே வாயாலதான் சொன்னேன். நீ தொட்டில்ல கெடந்த.”

அவள் உள்ளே போனாள். போனவள் வரவே இல்லை. வாசலில் நின்றபடி, திரும்பிப் போகிற பஸ் எத்தனை மணிக்கு என்று யோசித்தேன். பிறகு ஒரு கையில் பிள்ளையும் மறு கையில் மை டப்பியுமாக வந்தாள். டப்பியைத் திறந்து என்னிடம் நீட்டினாள்.

“இப்ப வை.”

வருஷக்கணக்காக முகங்களை வெளுக்கப் புள்ளி வைத்த விரலால், ஒரு கறுப்புப் புள்ளி வைக்க மையைத் தொட்டேன். இடது கன்னத்தில் அழுத்தி எடுத்தேன். எடுத்துவிட்டுப் பார்க்கப் பயமாக இருந்தது.

“தெரியுதாம்மா?” என்றாள் பொன்னரசி.

அடுத்த வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண், எங்கள் பக்கம் எட்டிப் பார்த்து, “ஏ டீச்சர், யாரு பிள்ளை? பொட்டெல்லாம் வச்சு அம்சமா இருக்கு!” என்று கூப்பிட்டாள். அங்கிருந்தே தெரிந்திருக்கிறது.

தலையை நிமிர்த்த முடியாமல், தெரிகிறது என்று மட்டும் சொன்னேன்.

“இருபதாந் தேதி சொல்லியிருக்காவ டாக்டர்” என்றாள் என் மகள், வாசலை விட்டுக் கொஞ்சம் விலகி நின்றபடி. “பதினெட்டாந் தேதி வந்திரு. வரும்போது மை மட்டும் கொண்டு வா.”